கடைக்கு வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேச வரவில்லை

கேள்வி:

எனக்கு 33 வயது. திண்டுக்கல்லில் எங்களுக்கு ஹார்டுவேர் கடை இருக்கிறது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனதும் வேலையை விட்டுவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்துவிட்டேன். கொள்முதல், கணக்கு, ஜிஎஸ்டி எதிலும் தடுமாற்றம் இல்லை. வருகிறவர்களோடு நாலு வார்த்தை பேசத்தான் வரவில்லை. ‘என்ன தம்பி, வெயில் இந்தப் போடு போடுது’ என்றால் ‘ஆமாண்ணே’ என்பேன். அதற்கு மேல் ஓடாது. தக்காளி விலை, மல்லி விலை என்று ஆரம்பித்தால் எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. அரசியல் தெரியும், ஆனால் அது சண்டையில் போய் முடிகிறது.

அப்பா காலத்திலிருந்து வருகிற விவசாயி ஒருவர், ‘நூறு நாள் வேலை வந்ததுலேர்ந்து காட்டு வேலைக்கு ஆளே கெடைக்கல, எல்லாரையும் சோம்பேறியாக்கிட்டானுங்க’ என்றார். ‘முக்கால்வாசிப் பேருக்கு நூறு நாள் முழுசாகக் கிடைப்பதே இல்லைண்ணே’ என்று செல்போனில் புள்ளிவிவரத்தை எடுத்துக் காட்டினேன். ‘நீ படிச்ச புள்ள, சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று சொல்லிவிட்டுப் போனவர் அப்புறம் கடைக்கு வரவே இல்லை.

அம்மா என்னை முசுடு என்கிறார். நண்பர்களோடு மணிக்கணக்கில் பேசுகிறேனே! வெட்டிப் பேச்சு பேசுகிறவர்களுக்கு மகிழ்ச்சி குறைவு என்று ஓர் ஆராய்ச்சிகூடப் படித்தேன். மனசில் இல்லாததை வியாபாரத்துக்காகப் பேசுவது நடிப்பு இல்லையா? இல்லை, எனக்கு ஏதாவது கோளாறா? ‘அரசியல் பேசாதீர்’ என்று ஒரு போர்டு மாட்டிவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

உளவியல் ஆலோசகர் பதில்:

கோளாறா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். சமூகப் பதற்றம் என்று நாங்கள் சொல்கிற நிலையில் இருப்பவருக்குப் பேச வேண்டிய சந்தர்ப்பம் வருகிறது என்றாலே முந்தின நாளே வயிற்றைக் கலக்கும். நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். ஆளைப் பார்த்ததும் பின்பக்கம் குடோனுக்குள் போய்விடுவார். பேசி முடித்த பிறகு, அப்படிச் சொன்னோமே என்று ராத்திரியெல்லாம் உருட்டிக்கொண்டிருப்பார். இதில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. எழுதாமல் விட்டிருந்தால், அப்படி ஏதாவது இருந்தால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அரசின் மனநல உதவி எண் அது, கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மற்றபடி உங்களிடம் இருப்பது கோளாறு இல்லை, தொழில் பழக்கம்.

டெஸ்டிங் வேலையில், எதிரே ஒரு கூற்று வந்தால் அது சரியா தப்பா என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம். சரியென்றால் டிக் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். தப்பென்றால் ஆதாரத்தோடு எழுதி அனுப்ப வேண்டும். வெயில் அடிக்கிறது என்று ஒருவர் சொன்னார். நீங்கள் சோதித்தீர்கள், சரியாக இருந்தது, ‘ஆமாண்ணே’ என்று முடித்துவிட்டீர்கள். நூறு நாள் வேலையைப் பற்றி ஒருவர் சொன்னார். சோதித்தீர்கள், பிழை இருந்தது, ஆதாரத்தை எடுத்து வைத்துவிட்டீர்கள். இரண்டு இடத்திலும் நீங்கள் செய்தது ஒரே வேலைதான். பேச வரவில்லை என்று நீங்கள் நினைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வந்தவர் சொன்னதற்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள், அவ்வளவுதான்.

அந்த விவசாயி கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். ‘நீ படிச்ச புள்ள, சொன்னா சரியாத்தான் இருக்கும்.’ கேட்க ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும். நம் பக்கத்தில் இப்படிச் சொன்னால், இனி உன்னிடம் பேச ஒன்றுமில்லை என்று பொருள்.

அவர் காட்டில் என்ன போட்டிருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் மாவட்டம் என்பதால் சின்ன வெங்காயம் என்றே வைத்துக்கொள்வோம். நட்டதிலிருந்து எழுபது, தொண்ணூறு நாளில் முடிகிற பயிர். தாள் மெல்லிசு, வேர் மேலாக ஓடும், களை முந்திக்கொண்டால் காய் திரளாது. இரண்டு தடவையாவது கையால் களை எடுக்க வேண்டும். அப்புறம் கையால் பிடுங்க வேண்டும், தாள் அறுக்க வேண்டும், அன்றைக்கு விலை இல்லையென்றால் பட்டறை போட்டுச் சேமித்து வைக்க வேண்டும். எல்லாம் ஆள் வேலை, அதுவும் பெரும்பாலும் பெண்கள் செய்கிற வேலை. குறித்த வாரத்தில் ஆள் வராமல் போனால் மூன்று மாதப் பாடு களைக்குள் போய்விடும். இந்தக் கவலையோடு வந்தவர்தான் உங்கள் கல்லாவுக்கு எதிரே நின்று நூறு நாள் வேலையைத் திட்டினார். அவர் வாயில் வந்தது நாட்டு விவகாரம், மனசில் இருந்தது அவருடைய காடு. நீங்கள் நூறு நாள் வேலையைக் கொண்டுவந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதில் சொல்லிவிட்டீர்கள்.

அதற்காக அவர் சொன்னதற்குத் தலையாட்டியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ‘சோம்பேறி’ என்று அவர் சொன்ன ஆட்களும் உங்கள் கடைக்கு வருகிறவர்கள்தான். கதவுக்குத் தாழ்ப்பாள், சாளைக்குத் தகரம், மண்வெட்டிக்குப் பிடி என்று அவர்களும்தான் வாங்குகிறார்கள். ஒருவரைச் சந்தோஷப்படுத்த இன்னொருவரைக் குறைத்துப் பேசுகிற கடைக்காரனை யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் தலையாட்டுவதற்கும் புள்ளிவிவரத்தை எடுப்பதற்கும் நடுவில் இடம் நிறைய இருக்கிறது. ‘என்னண்ணே போட்டிருக்கீங்க? எத்தனை ஆள் வேணும்? கூலி இப்ப என்ன போகுது?’ இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் போலீஸ் விசாரணை மாதிரி கேட்க வேண்டாம். ஒன்றைக் கேட்டுவிட்டு அவர் சொல்கிற பதிலில் இருந்து அடுத்ததை எடுங்கள். ஐந்து நிமிஷத்தில் அவரே, ‘கூட ஒரு அம்பது ரூவா குடுத்து, ஆட்டோ வச்சுக் கூட்டியாந்தா வர்றாங்கதான்’ என்று சொன்னாலும் சொல்வார். நீங்கள் சொல்ல வந்ததில் பாதி அதில் வந்துவிடும், அவர் வாயாலேயே.

தொடர் கேள்வியைப் பற்றி ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொள்ளும்போது, மற்றவர் சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வியைக் கேட்கிறவரைத்தான் எதிராளிக்கு அதிகம் பிடிக்கிறது என்று கண்டார்கள். புதுப்புது விஷயமாக மாற்றிக்கொண்டே போகிற கேள்விகளுக்கு அந்தப் பலன் இல்லை. ஆகவே உலக விஷயமெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தக்காளியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்கிறீர்களே, இந்த இடத்தில் அதுதான் உங்கள் முதலீடு.

சரி, இது நடிப்பா?

நீங்கள் படித்ததாகச் சொல்கிற ஆராய்ச்சி எனக்கும் தெரியும். அமெரிக்க உளவியலாளர் மத்தியாஸ் மெல் குழுவினர் 2010இல் வெளியிட்டது. 79 கல்லூரி மாணவர்கள் உடம்பில் சின்ன ஒலிப்பதிவுக் கருவியை மாட்டி, நாலு நாள் பேச்சைத் துண்டு துண்டாகப் பதிவு செய்தார்கள். மகிழ்ச்சியாக இருந்தவர்கள் ஆழமான பேச்சு கூடுதலாகவும் மேலோட்டப் பேச்சு குறைவாகவும் பேசியிருந்தார்கள். செய்தித்தாள்கள் இதைத் தலைப்பாக்கிவிட்டன. அதே மெல் இருந்த குழு, 2018இல் 486 பேரை வைத்து மறுபடி பார்த்தபோது, மேலோட்டப் பேச்சுக்கும் மகிழ்ச்சிக் குறைவுக்கும் சம்பந்தம் தெரியவில்லை. ஆழமான பேச்சு நல்லது என்ற பாதி நின்றது, வெட்டிப் பேச்சு கெட்டது என்ற பாதி நிற்கவில்லை. இரண்டாவது செய்தி உங்கள் செல்போன் வரைக்கும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

இன்னும் பழைய ஆள் ஒருவர் இருக்கிறார். பாப்புவா நியூகினி பக்கத்துத் தீவுகளில் ஜனங்களோடு ஜனங்களாகத் தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி. நலம் விசாரிப்பு, வானிலை, எல்லாருக்கும் தெரிந்ததையே திரும்பச் சொல்வது, இதெல்லாம் தகவல் சொல்வதற்காக இல்லை, ஆளுக்கு ஆள் ஒட்டுவதற்காக என்று 1923இலேயே எழுதிவிட்டார். அந்நியன் ஒருவன் வாயைத் திறக்காமல் எதிரே நின்றால் மனுஷனுக்கு அது மிரட்டல் மாதிரிப் படும் என்பதும் அவர் கவனித்ததுதான். ‘சாப்பிட்டாச்சா?’ என்று யாராவது கேட்டால் அவர் உங்களுக்கு இலை போடப் போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் தோட்டம் வாடுகிறது என்று சொல்லும்போது வாடாத முகத்தோடு ‘ஐயோ பாவம்’ என்றால் அது நடிப்பு. ‘எந்தப் பக்கம்ணே தோட்டம், தண்ணி எப்படி?’ என்று கேட்டுவிட்டுப் பதிலைக் காது கொடுத்துக் கேட்டால் அதில் நடிப்புக்கு இடமே இல்லை.

இனி எதைப் பேசுவது என்பதற்கு வருகிறேன். உங்கள் ஊரில் இருந்துகொண்டு பேச விஷயமில்லை என்று சொன்னால் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் பக்கத்தில். அய்யலூரில் தக்காளிக்கென்றே சந்தை. நிலக்கோட்டையில் பூ. ஆயக்குடியில் கொய்யா. நத்தத்தில் மாங்காயும் புளியும். சிறுமலையில் வாழை, கொடைக்கானலில் பூண்டு. உங்கள் கடைக்கு வருகிற பாதிப் பேர் இதில் ஏதாவது ஒன்றை விளைவிப்பவர், ஏற்றிப் போகிறவர், கமிஷனுக்கு விற்பவர். மிச்சப் பேர் வாங்கிச் சாப்பிடுகிறவர்.

அரசியலைவிடக் காய்கறி நல்ல பேச்சு என்று நான் சொல்வதற்குக் காரணம், அதில் யாரும் தோற்க வேண்டியதில்லை. நேற்று முருங்கை என்ன விலை என்பதில் கட்சி கிடையாது. அதோடு, எல்லாருமே அதில் விவரம் தெரிந்தவர்கள். கொத்தனாருக்கும் தெரியும், தாசில்தாருக்கும் தெரியும். ஒரு மனிதரை அவருக்குத் தெரிந்த இடத்தில் பேசவிட்டால் அவர் இன்னும் இரண்டு நிமிஷம் நிற்பார். அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அவர் பேசினதைவிடக் கேட்டதுதான் அதிகமாக இருக்கும்.

மாதத்துக்கு மாதம் விஷயம் தானாக மாறும் என்பது இதில் இன்னொரு வசதி. மார்கழிப் பனியில் மல்லி வரத்து குறையும், முகூர்த்தம் வந்தால் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். நிலக்கோட்டைக்காரர் யாராவது அந்த நேரத்தில் வந்தால், செடியில் பூ இருந்ததா என்று கேளுங்கள். விலை உச்சத்தில் இருக்கிறபோது பறிக்கப் பூ இல்லாத சங்கடத்தை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். மாசி பங்குனியில் நத்தம் பக்கம் புளி உலுக்குவார்கள். சித்திரை வைகாசியில் முருங்கை காய்த்துத் தள்ளும், விலை படுத்துவிடும், சிலர் பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை என்று மரத்திலேயே விட்டுவிடுவார்கள். அதே முருங்கை மழைக்காலத்தில் பூ உதிர்ந்து, ஒரு காய் இவ்வளவு என்று எண்ணி விற்கிற நிலைக்குப் போகும். ஆவணியில் ஓணம். ஒட்டன்சத்திரத்திலிருந்து லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகிற நேரம். அடுத்தது புரட்டாசி, கறிக்கடை காற்றாடும், காய்கறி விலை ஏறும். இது எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு சுற்று, ஒரு வருஷம், கல்லாவில் உட்கார்ந்து காது கொடுத்தால் தானாக ஏறிவிடும்.

தொடக்கத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். வாரத்தில் ஒருநாள் காலையில் உழவர் சந்தைக்குப் போங்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை தொடங்கியதே, அதே ஏற்பாடுதான். அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். வீட்டுக்கு அரைக் கிலோ ஏதாவது வாங்குங்கள். பலகையில் ஏதாவது ஒரு விலை உங்களுக்கு ஆச்சரியமாக இருந்தால் அதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு வந்ததும், ‘காலையில சந்தைக்குப் போனேண்ணே, அவரைக்காய் இந்த விலை சொல்றாங்க, ஏன்?’ என்று கேட்க உங்களிடம் சொந்தமாக ஒரு கேள்வி இருக்கும். ஆச்சரியப்படாததைக் கேட்க வேண்டாம், முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் கடையில் இதைவிடச் சுலபமான வழியும் இருக்கிறது. வந்தவர் கையில் என்ன வாங்குகிறார் என்று பாருங்கள். மருந்தடிக்கிற தெளிப்பானுக்கு வாஷர் வாங்குகிறார் என்றால் பயிரில் ஏதோ விழுந்திருக்கிறது: ‘எதுக்குண்ணே மருந்து?’ கட்டுக்கம்பி சுருள் சுருளாக வாங்குகிறார் என்றால் பந்தல் போடுகிறார், இல்லை தக்காளிக்குக் குச்சி கட்டுகிறார், இல்லை வீடு கட்டுகிறார். மூன்றில் எதுவானாலும் அரை மணி நேரப் பேச்சு. சொட்டுநீர்க் குழாய்க்கு எண்ட் கேப் வாங்குகிறவரிடம் போர் எத்தனை அடி என்று கேட்டால், உங்கள் ஜில்லாவில் அது குடும்பக் கதை. வந்தவர் வாங்குகிற சாமானே பேச்சை எடுத்துக் கொடுக்கும்போது நீங்கள் வெயிலைத் தேடிப் போக வேண்டியதில்லை.

எல்லாரிடமும் பேச வேண்டும் என்றும் இல்லை. காலை எட்டரைக்கு பிளம்பர் வந்து முக்கால் இஞ்சு எல்போ நாலு, டீ இரண்டு, சொல்யூஷன் ஒன்று என்று கேட்டால், எடுத்துக் கொடுத்து அனுப்புவதுதான் மரியாதை. அங்கே வேலை நிற்கிறது, மேஸ்திரி திட்டிக்கொண்டிருப்பார். பேச வந்தவரைப் பில் போட்ட பிறகுதான் தெரிந்துகொள்ள முடியும். மீதிச் சில்லறையை வாங்கிச் சட்டைப் பையில் போட்ட பிறகும் கிளம்பாமல், பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, தொங்குகிற தாம்புக் கயிற்றைச் சும்மா இழுத்துப் பார்ப்பார். அவருக்கு விலை தேவையில்லை, நீங்கள்தான் தேவை. அப்படிப்பட்டவரிடம் மட்டும் பேசினால் போதும்.

பெண்கள் வந்தால் ஒரு கவனம். ஹார்டுவேர் கடைகளில் கூட வந்த ஆணைப் பார்த்தே விலை சொல்கிற கெட்ட வழக்கம் இருக்கிறது. தனியாக வந்து குழாய் வாஷர் கேட்கிற அக்காவிடம், ‘வீட்ல யாரும் வரலையா?’ என்று ஆரம்பிப்பது பேச்சே இல்லை. எந்தக் குழாய், எங்கே ஒழுகுகிறது என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும், அவர்தானே தினமும் வாளி வைக்கிறவர்.

அரசியலுக்கு வருவோம். அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். உங்கள் தொழிலே அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததே, அன்றைக்குக் கடைத்தெருவில் அதைப் பேசாத ஆள் உண்டா? அதில் ஒருவர் மத்திய அரசைப் புகழ்வார், இன்னொருவர் எட்டு வருஷமாகக் கூட்டி வாங்கினதை யார் திருப்பித் தருவார் என்பார். நீங்கள் எந்தப் பக்கமும் சேர வேண்டாம். ‘உங்க கட்டடத்துக்கு மூட்டைக்கு எவ்வளவுண்ணே கொறைஞ்சுது?’ என்று கேளுங்கள். நாட்டு விஷயத்தை எதிரே நிற்பவரின் வீட்டு விஷயமாக்கிவிட்டால் சூடு இறங்கிவிடும், சுவை கூடும். தொலைக்காட்சி விவாதத்தில் பார்த்த வரியை அவர் திரும்பச் சொல்வது நின்று, அவருக்கே நடந்ததைச் சொல்லத் தொடங்குவார். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது டிவியில் ஒரே கூச்சல். அந்த நேரத்தில் அய்யலூர் பக்கத்து விவசாயி ஒருவரிடம், ‘உங்ககிட்ட காய் இருந்துச்சா?’ என்று மட்டும் கேட்டிருந்தால் அந்தக் கூச்சலில் கேட்காத பலதும் கேட்டிருக்கும்.

உங்கள் கருத்தைக் கேட்டால் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் சிரித்து மழுப்புகிறவன் என்ற பெயர், சண்டைக்காரன் என்ற பெயரைவிட மோசம். ‘எனக்கு அப்படித் தோணலைண்ணே, நூறு நாள் வேலை இல்லாட்டி எங்க தெருவுல ரெண்டு வீடு கஷ்டப்பட்டிருக்கும்’ என்று ஒரு வரி. செல்போனை எடுக்காமல். இந்த ஊரில் நம்பிக்கை பெறுவது தெருவும் வீடும்தான், சதவீதம் இல்லை. அவர் மறுத்தால் மறுக்கட்டும், நீங்கள் இரண்டாவது வரி போக வேண்டாம்.

ஒன்றே ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். யாராவது ஒரு சாதியையோ மதத்தையோ கேவலமாகப் பேசினால், அதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கோபமும் வேண்டாம், விரிவுரையும் வேண்டாம். ‘அந்தப் பேச்சு வேணாம்ணே’ என்று சொல்லிவிட்டு அவருடைய சாமானை எடுத்து வையுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது.

இதையொட்டி இன்னொன்று. ‘எந்த ஊருண்ணே?’ என்பது நல்ல கேள்வி. ஊர் தெரிந்தால் பயிர் தெரியும், தண்ணீர் தெரியும். ஆனால் அதற்கடுத்து, ‘ஊருக்குள்ள எங்க? எந்தத் தெரு?’ என்று நம் ஆட்கள் சர்வ சாதாரணமாகக் கேட்கிறார்களே, அது என்ன கேள்வி என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். காய்கறி பேசிக்கொண்டிருந்த மனிதர் சட்டென்று சுருங்கிப் போவதைப் பார்க்கலாம். ‘எந்த ஊர்’ என்பதோடு நிறுத்தி, ‘அங்க இந்த வருஷம் மழை எப்படி?’ என்று திரும்பிவிடுங்கள். உங்களிடம் யாராவது அப்படித் துருவினால், ‘ஹார்டுவேர் கடைக்காரர் வீடுண்ணே’ என்று சொன்னால் போதும்.

வராமல் போன அந்த விவசாயியைப் பற்றி. அவர் வராததற்கு நீங்கள்தான் காரணம் என்று அவ்வளவு உறுதியாக இருக்க வேண்டாம். பேசி முடித்த பிறகு எதிராளி நம்மை எவ்வளவு விரும்பினார் என்பதை மனிதர்கள் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வில் காட்டினார்கள். முதல் சந்திப்பில் மட்டும் இல்லை, பழகிக்கொண்டிருக்கிறவர்களிடமும் அப்படித்தான். அவருக்குக் குழாய் தேவைப்படாமல் இருந்திருக்கலாம். கையில் காசில்லாமல் இருந்திருக்கலாம், அப்பா இருந்தால் கடன் சொல்லலாம், உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியும் இருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்தை அப்பாவிடம் கேட்டு, பழைய நோட்டைப் பாருங்கள்.

வருஷக் கடைசியில் தினசரி காலண்டர் அடித்துக் கொடுப்பீர்கள்தானே? அவருக்கானதைக் கடையில் எடுத்து வைக்காமல் நேரில் கொண்டு போய்க் கொடுங்கள். ‘அன்னைக்குப் பேசினதுக்கு மன்னிச்சுக்கோங்க’ என்று ஆரம்பித்தால் நூறு நாள் வேலை மறுபடி எழுந்து உட்காரும். அந்தப் பேச்சே வேண்டாம். காட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள், அவர் காட்டுவதைப் பாருங்கள். எதுவும் திருத்த வேண்டாம், சொட்டுநீர்க் குழாயைத் தப்பாக மாட்டியிருந்தாலும் சரி, அதை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். திரும்பும்போது கையில் ஏதாவது காய் கொடுத்தால் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பேச்சை முடிக்கத் தெரிய வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும், பல பேர் பேச்சைத் தொடங்கப் பயப்படுவதே இதற்காகத்தான். அடுத்த ஆள் வந்து நின்றால், ‘இந்தா வர்றேண்ணே’ என்று எழுந்து போங்கள், போதும். இங்கே யாரும் அதைத் தப்பாக எடுப்பதில்லை. திரும்பி வரும்போது அவர் இருந்தால் பேச்சு தொடரும், இல்லையென்றால் அடுத்த முறை. கேட்டதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு வரன் பார்க்கிறார், போர் போடப் போகிறார், மாடு சினையாக இருக்கிறது, இப்படி ஏதாவது ஒன்று. அடுத்த தடவை அவர் வரும்போது முதல் வரியை நீங்கள் தேட வேண்டியிருக்காது. நினைவில் நிற்காது என்றால் அப்பாவின் கணக்கு நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

போர்டு வேண்டாம். ‘அரசியல் பேசாதீர்’ பலகையை டீக்கடையிலும் சலூனிலும் மாட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பேப்பரை நாலு பேர் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு டீக்கு ஒரு மணி நேரம் பெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள், பேச்சு முற்றினால் கண்ணாடி தம்ளர் உடையும். உங்கள் கடையில் ஜனங்கள் நின்றபடி வாங்கிப் போகிறார்கள். அங்கே அந்தப் பலகையைத் தொங்கவிட்டால், சாமானை வாங்கிக்கொண்டு கிளம்பு என்றுதான் படிப்பார்கள். இரண்டு வாடிக்கையாளர்கள் உங்கள் முன்னால் மோதிக்கொண்டால், யார் சூடாக இருக்கிறாரோ அவருடைய பில்லை முதலில் போடுங்கள்.

அதற்குப் பதில் கல்லாவுக்கு எதிரே ஒரு ஸ்டூல் போடுங்கள், அப்பா காலத்தில் இருந்திருக்கும், இப்போது அதன் மேல் பெயிண்ட் டப்பா அடுக்கியிருப்பீர்கள். செல்போனை டிராயருக்குள் வைத்துவிடுங்கள். பணம் வந்தால் ஸ்பீக்கர் பெட்டி கத்திச் சொல்லத்தான் போகிறது.